மூன்று அங்குல ஸ்பீக்கரில் கேட்ட பாட்டு

அன்புள்ள அண்ணாவுக்கு,

வணக்கம். நான் களுவாஞ்சிகுடியில் இருக்கிறேன். ஓய்வுபெற்ற ஆசிரியை. 'என் இனிய பொன் நிலாவே' பாட்டு வந்தபோது எனக்குப் பதினாறு வயது. வீட்டு றேடியோவில் கேட்டுக் கேட்டே மனப்பாடமானது. பிறகு கல்முனையில் பாட்டுப் பதிந்து தரும் ஒரு கடையில், றெக்கோடிங் பாரில், 60 நிமிடக் கசற் ஒன்றில் பதிந்து எடுத்தோம்.

போன மாதம் மகன் அதைப் போனில் போட்டுத் தந்தான். தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனாலும் நான் கேட்ட பாட்டு அதுவல்ல என்றே மனம் சொல்கிறது. கசற்றைத் தேடி எடுத்துப் போட்டால் சத்தம் மங்கிக் கிடக்கிறது, குரலும் கொஞ்சம் கீச்சென்று வருகிறது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. வயதாகி ரசனை போய்விட்டதா, காது போய்விட்டதா, அல்லது பாட்டைத்தான் மாற்றிவிட்டார்களா? கசற்றைக் காப்பாற்ற வழியுண்டா? அந்தப் பாட்டைத் திரும்பவும் முழுதாக ரசிக்க என்ன செய்யலாம்?

அன்புடன்,
ஒரு வாசகி, களுவாஞ்சிகுடி

*

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் ரசனை எங்கேயும் போகவில்லை. பதினாறு வயதில் உங்களுக்குக் கிடைத்தது அந்தப் பாட்டின் நடுத்துண்டு. இப்போது போனில் கிடைப்பது மேலும் கீழும் சேர்ந்த முழுப்பாட்டு. இரண்டும் ஒன்றுபோல் கேட்காது.

அன்று வீட்டு றேடியோ பிடித்த மத்திய அலையில் ஒரு நிலையத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 9 கிலோஹேர்ட்ஸ். ஒலி இரு பக்கமும் சமமாக விரிவதால் அதன் பாதிக்குள், அதாவது ஏறத்தாழ 4,500 ஹேர்ட்ஸுக்குள் (விநாடிக்கு 4,500 அதிர்வு), பாட்டு அடங்க வேண்டும்; அதற்கு மேலே உள்ளதெல்லாம் போய்விடும். 'ஸ', 'ச' என்ற ஒலிகளின் கூர், கிற்றார்க் கம்பியில் விரல் வழுக்கும் சத்தம், தாளத் தட்டுகளின் மினுமினுப்பு எல்லாம் இந்த எல்லைக்கு மேலேதான் இருக்கின்றன. கீழ்ப்பக்கத்தை வெட்டியது றேடியோவின் ஸ்பீக்கர். மூன்று அங்குல ஸ்பீக்கர் 200 ஹேர்ட்ஸுக்குக் கீழே அனேகமாக ஊமை. பேஸ் கிற்றாரின் மிகத் தாழ்ந்த கம்பி 41 ஹேர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே அந்த வாத்தியத்தின் அடி ஒலி உங்கள் வீட்டு றேடியோவிலிருந்து வெளியே வந்திருக்கவே முடியாது. அடி ஒலியின் மடங்குகளாகச் சேர்ந்து எழும் மேலொலிகள் மட்டும் வந்தன, மிச்சத்தை மூளை ஊகித்துக்கொண்டது. இரண்டு பக்கமும் வெட்டிய பிறகு நடுவில் நின்றது மனிதக் குரல். அதனால்தான் றேடியோவில் யேசுதாஸின் குரல் உங்கள் வீட்டுக்குள்ளேயே நின்று பாடுவதுபோல் இருந்தது. இயர்போனில் கேட்கும்போது கிற்றாரும் பேஸும் தங்கள் இடத்தை எடுத்துக்கொள்கின்றன, குரல் ஓரடி பின்னால் போகிறது. 'அதுவல்ல' என்று உங்கள் மனம் சொன்னது இந்த ஓரடியைத்தான் என்று நினைக்கிறேன்.

காது பற்றிய பயத்துக்கும் இதே பதில் உதவும். வயது போகும்போது காதில் முதலில் தேய்வது 8,000 ஹேர்ட்ஸுக்கு மேலான நுண்ணொலிகள். றேடியோவில் அவை வரவேயில்லை என்பதால், நீங்கள் நேசித்த பாட்டின் பெரும்பகுதியை வயது எடுத்திருக்க வாய்ப்புக் குறைவு. ஆட்கள் கதைப்பதே விளங்காமல் போனால் அது வேறு விஷயம், உடனே காதைக் காட்டிப் பாருங்கள்.

இதை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். மகனிடம் லப்டொப்பில் ஓடாசிற்றி (Audacity) என்ற இலவச மென்பொருளை இறக்கச் சொல்லுங்கள். பாட்டைத் திறந்து, முதலில் மொனோ ஆக்க வேண்டும், அதாவது இடது வலது இரண்டையும் ஒரே தடமாகச் சேர்க்க வேண்டும். பிறகு 200 ஹேர்ட்ஸில் ஹை-பாஸ் வடிகட்டியும் (கீழே உள்ளதை வெட்டுவது) 4,500 ஹேர்ட்ஸில் லோ-பாஸ் வடிகட்டியும் (மேலே உள்ளதை வெட்டுவது) போட வேண்டும். அதை இயர்போனில் கேட்காதீர்கள். ஒரேயொரு சிறிய ஸ்பீக்கரில், அறையின் மற்ற மூலையில் வைத்து, நீங்கள் வேறு இடத்தில் இருந்து கேளுங்கள். குரல் முன்னுக்கு வந்து நிற்கும். அப்போது 'இதுதான்' என்று தோன்றினால் உங்கள் நினைவு மிகச் சரியாக வேலை செய்கிறது என்று அர்த்தம். தோன்றாவிட்டால் மகன் போட்டது வேறு பதிப்பாக இருக்கலாம்.

பாட்டையே மாற்றிவிட்டார்களா என்று கேட்டீர்கள். இணையத்தில் சிலவற்றில் அதுவும் நடந்திருக்கிறது. பழைய பாட்டுக்குப் புது டிரம்ஸ் சேர்த்தவை, எதிரொலி ஏற்றியவை, உரிமைச் சிக்கலுக்குப் பயந்து வேகத்தையும் சுருதியையும் சற்று மாற்றிப் போட்டவை எல்லாம் உண்டு. இசை நிறுவனமே வெளியிட்ட பதிப்பைத் தேடி எடுத்து, அதன் நீளத்தோடு மற்றதன் நீளத்தை ஒப்பிடுங்கள். ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தொடங்கி ஒரே இடத்தில் முடிந்தும் சில விநாடி வித்தியாசம் வந்தால் வேகத்தில் கை வைத்திருக்கிறார்கள். இன்னொரு சோதனை, போலி ஸ்டீரியோவைப் பிடிப்பது. ஓடாசிற்றியில் இடது வலது தடங்களைப் பிரித்து மொனோவாக்கி, ஒன்றைத் தலைகீழாக்கி இரண்டையும் கலக்க வேண்டும். முழு மௌனம் வந்தால் அது உண்மையான மொனோ. அசல் மொனோவாக இருக்கும் பாட்டில் மெல்லிய சலசலப்போ எதிரொலியோ மட்டும் மிஞ்சினால், பிறகு யாரோ அகலப்படுத்தியிருக்கிறார்கள். இரண்டு பதிப்புகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமப்படுத்திவிட்டுக் கேளுங்கள். ஓரிரு டெசிபல் கூடுதலாக ஒலிப்பது எப்போதும் 'நல்லது' போலத் தோன்றும். இந்த ஏமாற்றத்தில் விழாத காது இல்லை.

இனிக் கசற். இதில் அவசரப்பட்டால் பாட்டே போய்விடும், ஆகவே சற்று விரிவாகச் சொல்கிறேன்.

வெள்ளையாகப் படிந்திருப்பது பெரும்பாலும் பூஞ்சணம். நம் கரையோரக் காற்றும் கார்த்திகை மார்கழி மாரியும் அதற்குப் போதும். இனி அதை மெஷினில் போடாதீர்கள். பூஞ்சணத் தூள் நாடாவை வாசிக்கும் ஹெட்டில் ஒட்டும், அடுத்து போடும் ஒவ்வொரு கசற்றுக்கும் தொற்றும். ஏற்கெனவே போட்ட மெஷினைத் துடைத்துவிட்டுத்தான் வேறெதையும் போட வேண்டும். இன்னொன்று, றெக்கோட் பட்டன் உள்ள மெஷின் என்றால் கசற்றின் முதுகிலுள்ள இரண்டு சிறு பிளாஸ்ரிக் நாக்குகளையும் இப்போதே உடைத்துவிடுங்கள். ஒரு தவறான அழுத்தம் நாற்பது வருடத்தை அழித்துவிடும்.

முதலில் கசற்றைக் காற்றுப்புகாத டின்னில் சிலிக்கா ஜெல் பைகளோடு ஒரு வாரம் வையுங்கள். வெயிலில் காயப்போடக் கூடாது. மட்டக்களப்பு வெயிலில் கூடு வளைந்துவிடும். பிறகு முகக்கவசம் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு வெளியே, விறாந்தையில் வைத்துத் திறக்க வேண்டும். வழக்கமான கூட்டில் ஐந்து ஸ்குறூ இருக்கும். A பக்கம் மேலே இருக்கட்டும். மேல்மூடியை மெதுவாகத் தூக்குங்கள். நாடா சுற்றிய இரண்டு சக்கரங்களும் கீழ்க்கூட்டிலேயே கிடக்க வேண்டும், அவை சரிந்து விழுந்தால் நாடா முழுவதும் குலைந்துவிடும். திறப்பதற்கு முன்னும் பின்னும் போனில் படம் எடுத்து வைத்தால், நாடா எந்த உருளையைச் சுற்றிப் போனது என்ற குழப்பம் வராது. ஈரமில்லாத மென்மையான தூரிகையால் சுற்றின் ஓரத்தை உள்ளிருந்து வெளியே துடைத்தெடுங்கள். நாடாவில் அல்ககோலோ தண்ணீரோ படவே கூடாது. ஸ்குறூ இல்லாமல் ஒட்டிய கூடு என்றால் அதை நீங்களே பிளக்காதீர்கள், கை பழகிய ஒருவரிடம் கொடுங்கள்.

அப்படியே ஹெட்டுக்கு நேரே நாடாவின் பின்னால் இருக்கும் சிறு கம்பளித் துண்டையும் பாருங்கள். நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பது அதுதான். பசை காய்ந்து அது விழுந்துவிட்டால் பாட்டு மங்கும், சத்தமும் ஏறி இறங்கும். புதிதாக ஒட்டுவதைவிட, வேண்டாத ஒரு நல்ல ஸ்குறூக் கூட்டைத் திறந்து, உங்கள் இரண்டு சக்கரங்களையும் அதற்குள் மாற்றிவிடுவதே பாதுகாப்பு. மூடிய பிறகு ஆறுமூலைப் பென்சிலைச் சக்கரத்தில் விட்டு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கையால் முழுதாகச் சுற்றுங்கள். மெஷினின் வேகச்சுற்றில் விடாதீர்கள். ஒட்டிக்கிடக்கும் நாடாவை அது இழுத்துக் கிழிக்கும்.

மெஷின் பக்கம்: ஹெட்டையும் அதன் அருகிலுள்ள உலோகத் தண்டையும் ஐசோபுறொப்பைல் அல்ககோல் தொட்ட கொட்டன் பட்டால் பழுப்பு நிறம் வராதவரை துடைக்க வேண்டும். சேர்ஜிக்கல் ஸ்பிரிட் வேண்டாம், சிலவற்றில் எண்ணெய் கலந்திருக்கும். இறப்பர் உருளைக்குச் சவர்க்காரத் தண்ணீர் நனைத்த துணி போதும், பிறகு நன்றாகக் காய விடுங்கள்.

இதற்குப் பிறகும் மங்கலாக இருந்தால், நன்றாக இருப்பதாகத் தெரிந்த வேறொரு கசற்றைப் போட்டுப் பாருங்கள். அதுவும் மங்கினால் பழுது மெஷினில். அது தெளிவாக இருந்து உங்களுடையது மட்டும் மங்கினால் பெரும்பாலும் ஹெட்டின் சாய்வுதான் காரணம். நாடாவின் முழு அகலமே 3.81 மில்லிமீற்றர். அதற்குள் நான்கு தடங்கள். றெக்கோடிங் பாரின் மெஷினில் ஹெட் ஒரு மயிரிழை சாய்ந்திருந்தால் உங்கள் மெஷினில் கூர்மையான உயர்ந்த ஒலிகள் போய்விடும். ஹெட்டின் இரு பக்கமும் ஒவ்வொரு ஸ்குறூ இருக்கும். சுருள்வில் கோத்திருப்பதுதான் சாய்வை மாற்றுவது. அது நிற்கும் நிலையை முதலில் பேனையால் குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போது அதை எட்டில் ஒரு பங்கு சுற்றாக மெதுவாகத் திருப்ப வேண்டும். ஒரு பக்கம் திருப்பும்போது 'ச', 'ஸ' ஒலிகள் துலங்கிக்கொண்டே வரும், ஒரு கட்டத்தைத் தாண்டியதும் திரும்ப மங்கும். துலக்கம் உச்சமாக இருந்த இடத்துக்குத் திரும்பி வந்து நிறுத்துங்கள். மொனோவில் கேட்டால் இந்த உச்சம் இன்னும் தெளிவாகப் பிடிபடும். வேலை முடிந்ததும் பேனைக் குறிக்கே ஸ்குறூவைத் திருப்பிவிட வேண்டும். இல்லையென்றால் மற்றக் கசற்றுகள் எல்லாம் மங்கும்.

குரல் கீச்சிடுவதற்குக் காரணம் வேகம். நாடா விநாடிக்கு 4.76 சென்ரிமீற்றர் ஓட வேண்டும். உங்கள் மெஷின் கூடுதலாக ஓடலாம், அல்லது அன்று பதிந்த மெஷின் மெதுவாக ஓடியிருக்கலாம். எதுவானாலும் மோட்டரைத் தொடாதீர்கள், பதிந்த பிறகு கணினியில் திருத்துவதே எளிது. பாட்டின் முதற் சுரத்திலிருந்து கடைசியாகத் தெளிவாகக் கேட்கும் ஓர் இடம் வரை இரண்டு பதிப்பிலும் அளந்து பாருங்கள். வெளியீட்டில் 260 விநாடி, கசற்றில் 250 என்று வந்தால் கசற் 4 வீதம் வேகம். ஏறத்தாழ 6 வீதம் ஓர் அரைச்சுரம், ஆகவே இது அரைச்சுரத்தில் மூன்றில் இரண்டு பங்கு உயர்வு. ஓடாசிற்றியில் வேகத்தையும் சுருதியையும் ஒன்றாக மாற்றும் வசதியைத்தான் பயன்படுத்த வேண்டும். காலத்தை மட்டும் அல்லது சுருதியை மட்டும் மாற்றும் வசதிகள் குரலைச் சிதைத்துவிடும். வேகம் ஒரே சீராகக் கூடாமல் அலைபோல் ஏறி இறங்கினால் பெல்ற் தளர்ந்திருக்கிறது. அதைக் கணினியில் இலகுவாகத் திருத்த முடியாது, பெல்ற்றை மாற்றிவிட்டுத் திரும்பப் பதிய வேண்டும்.

பதிவது சுருக்கமான வேலை. மெஷினின் லைன்-அவுட்டிலிருந்து 3.5 மில்லிமீற்றர் வயரில், லைன்-இன் உள்ள யூஎஸ்பி ஒலி அடப்ற்றர் வழியாக லப்டொப்புக்குக் கொடுங்கள். லப்டொப்பின் மைக் துளை பெரும்பாலும் மொனோ, அதில் ஒலி உடைந்தும் போகும். 44.1 கிலோஹேர்ட்ஸ், ஸ்டீரியோ, வேவ் கோப்பு. மிக உயர்ந்த இடத்திலும் அளவுமானி மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாமல் இருக்கட்டும். 16 பிற்றில் நிமிடத்துக்குப் பத்து மெகாபைற்றுக்குச் சற்று மேல் பிடிக்கும், 60 கசற்றின் ஒரு பக்கத்துக்கு 320 மெகாபைற் ஒதுக்கினால் போதும். நாடாவின் இரைச்சலை அழிக்கும் வடிகட்டியை ஆசைப்பட்டு அதிகம் போட்டுவிடாதீர்கள். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். மூலக் கோப்பைத் தொடாமல் இரண்டு இடத்தில் வைத்துக்கொண்டு, பிரதியில் மட்டும் திருத்துங்கள்.

இனி ரசிப்பதற்கு வருகிறேன். பதினாறில் குரலைக் கேட்டாகிவிட்டது. அறுபதில் மிச்சத்தைக் கேட்கலாம். இது புதிதாக ஒரு பாட்டுக் கிடைப்பது போன்றதுதான்.

இந்தப் பாட்டுக்கும் நம் மண்ணுக்கும் ஓர் உறவு உண்டு. இது இடம்பெற்ற 'மூடுபனி' படத்தை இயக்கிய பாலு மகேந்திரா மட்டக்களப்பு அமிர்தகழியில் பிறந்தவர். 1980இல் வந்த அது அவர் இயக்கிய மூன்றாவது படம். முன்னிரண்டுக்கும் சலில் சௌத்ரி இசையமைத்தார். இளையராஜாவோடு பாலு மகேந்திரா முதலில் சேர்ந்தது இதில்தான், இளையராஜாவுக்கு இது நூறாவது படம். சொற்கள் கங்கை அமரனுடையவை. திரையில் பிரதாப் போத்தன் கிற்றாருடன் இருந்து ஷோபாவுக்காகப் பாடுகிறார். ஆகவே இந்தப் பாட்டில் கிற்றார் பக்கவாத்தியம் அல்ல, பாத்திரத்தின் கையிலேயே இருக்கிறது. கேட்கத் தொடங்க வேண்டிய இடமும் அதுதான்.

போனில் ஈக்குவலைசர், சறவுண்ட் போன்ற எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, இரண்டு காதிலும் வயர் இயர்போன் போட்டு, ஒருவர் பக்கத்தில் இருந்து கதைக்கும் அளவுக்கு ஒலியை வையுங்கள். அதைவிடக் குறைத்தால் பேஸ் மறைந்துவிடும், தாழ்ந்த ஒலியைச் சிறு சத்தத்தில் பிடிப்பதில் மனிதக் காது மந்தம். முதல் தடவை குரலை விட்டுவிட்டுக் கிற்றாரை மட்டும் பின்தொடருங்கள். எங்கே கம்பிகளைத் தனித்தனியாக மீட்டுகிறது, எங்கே ஒன்றாக அடிக்கிறது, எங்கே மற்ற வாத்தியங்களுக்கு வழிவிட்டு ஒதுங்குகிறது என்று பாருங்கள். குரல் உங்களை இழுக்கும், முதல் இரண்டு தடவை தோற்றுப்போவீர்கள். அது வழமை.

அடுத்த நாள் பேஸ். மட்டக்களப்பு வாவியில் மீன்கள் பாடும் என்பார்கள். கல்லடிப் பாலத்தடியில் அந்த மீன்பாட்டைக் கேட்கப் போகிறவர்கள் நிலவு இரவில் தோணியை நிறுத்தி, துடுப்பின் ஒரு முனையைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைப்பார்கள். காற்றில் வராத ஒலி மரம் வழியாக ஏறி வரும். பேஸைக் கேட்பதும் அப்படித்தான், மேலே நடப்பதை விட்டுவிட்டு ஒரு துடுப்பைக் கீழே இறக்க வேண்டும். பிடிபடாவிட்டால் ஓடாசிற்றியில் 250 ஹேர்ட்ஸுக்கு மேலே உள்ளதை வெட்டிவிட்டு ஒருமுறை கேளுங்கள், அது தனியாக நடப்பது தெரியும். பிறகு முழுப்பாட்டுக்குத் திரும்புங்கள், இனி அது மறையாது. குரல் ஒரே சுரத்தில் நிற்கும்போது பேஸ் இடம் மாறினால் அந்தச் சுரத்தின் உணர்ச்சியே மாறும். றேடியோவில் உங்களுக்குக் காரணம் தெரியாமலே நெஞ்சைப் பிசைந்த இடங்களில் சிலவற்றுக்குக் காரணம் இங்கே கிடைக்கும்.

பாட்டு பெரும்பாலும் நடபைரவி ராகத்தின் சுரங்களில் நிற்கிறது. கர்நாடக இசையின் தாய் ராகங்களில் 20ஆவது மேளகர்த்தா, மேற்கத்தியரின் மைனர் சுரவரிசைக்கு ஈடானது. அந்தச் சுரவரிசையைக் கீர்த்தனைபோல் சுரத்தை அசைத்துக் கமகத்தோடு பாடாமல், கிற்றாரில் பல சுரங்களை ஒன்றாக மீட்டும் கோட்டுகளுக்கு இசைவாக நேர்ச்சுரமாக யேசுதாஸ் நிறுத்துவதைக் கவனியுங்கள். சுரத்துக்குச் சுரம் குரல் வழுக்கிப் போகும் இடங்கள் எத்தனை, நேராகக் கால்வைக்கும் இடங்கள் எத்தனை என்று எண்ணலாம். பல்லவியில் சொல் முடிந்து வெறும் அசைகளாகப் பாடும் இடம் ஒன்று உண்டு. அங்கே குரலே ஒரு வாத்தியமாகி விடுகிறது. அந்த இடத்தில் கிற்றார் என்ன செய்கிறது என்று கேளுங்கள். இன்னொரு தடவை மூச்சை மட்டும் கேளுங்கள். எந்தச் சொல்லுக்கு முன் மூச்சு எடுக்கிறார், எந்த இரண்டு சொற்களை ஒரே மூச்சில் கட்டுகிறார் என்பதில்தான் பாடகர் வரியை எப்படி விளங்கிக்கொண்டார் என்பது இருக்கிறது.

ஒரு நாளைக்கு ஒரு தடவை, கூடினால் இரண்டு. சமைத்துக்கொண்டு கேட்க வேண்டாம், காட்சியைப் பார்த்துக்கொண்டும் வேண்டாம், கண் முந்திக்கொள்ளும். திரும்பத் திரும்ப ஓடவிட்டால் மூன்றாம் நாளே காது மரத்துப்போகும். றேடியோக் காலத்தில் அந்தப் பாட்டு எப்போது வரும் என்று தெரியாமல் காத்திருந்தீர்கள். இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்' முடியும்வரை காத்திருந்தும் வராத நாட்கள் இருந்திருக்கும். அந்த இடைவெளியும் ரசனைக்கு வேலை செய்தது.

கடைசியாக ஒன்று. உங்கள் கசற்றின் மறுபக்கத்தைப் பற்றி எழுதவில்லை. அதையும் முழுதாகப் பதியுங்கள், அதில் பிடிக்காத பாட்டு இருந்தாலும் சரி. உள்ளே இருக்கும் அட்டையில் பாட்டுப் பட்டியலைக் கையால் எழுதியிருப்பார்கள். பேனை மை வேகமாக மங்கும். அட்டையின் இரண்டு பக்கத்தையும் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்து, ஒலிக்கோப்பு இருக்கும் அதே இடத்தில் போட்டு வையுங்கள்.

அன்புடன்,
அண்ணா